டாங்கியைத் துளைக்குமா விமானத்தின் குண்டு?
(கணிப்பொறி விளையாட்டும் லோங்கேவாலா பாடமும்)

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்
அருமனை



நம்மில் பலருக்கு விமானச் சண்டை விளையாட்டு என்றால் உயிர். லேப்டாப் வைத்திருக்கிற ஒருவன் இருந்தால் போதும், சுற்றி ஆறு தலை கூடிவிடும். கீழே பாலைவனத்தில் வரிசையாக டாங்கிகள். மேலே நம்ம விமானம். பட்டனை அழுத்தினால் தடதடவென்று குண்டு பாயும். இரண்டு விநாடி! டாங்கி வெடித்துத் தீப்பிடிக்கும். மூலையில் 100 புள்ளி ஏறும். "சூப்பர் மக்கா!" என்று ஒரு சத்தம்.

எஃகினால் செய்த 36 டன் வண்டி இவ்வளவு சுலபமாக வெடித்துவிடுமா? அப்படியானால் அதற்குக் கவசம் எதற்கு? அந்தக் கவசத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் தருகிறவர்கள் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்கள்தானே? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் அப்ளைடு மெக்கானிக்ஸ் பாடமே எனக்குப் புதிதாகப் புரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் நடந்தது

விமானம் டாங்கியைத் தாக்கிய கதைக்கு ஹாலிவுட் பக்கம் போக வேண்டியதில்லை. 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு. ராஜஸ்தானில் ஜெய்சால்மர் மாவட்டத்தில் லோங்கேவாலா என்ற எல்லைக் காவல் நிலை. பஞ்சாப் ரெஜிமெண்டின் 23ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி, சுமார் 120 வீரர்கள், மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில் அங்கே இருந்தார்கள். எதிரே பாகிஸ்தானின் டி-59, ஷெர்மன் வகை டாங்கிகள் 40க்கும் மேல் வந்தன.

உதவி கேட்டபோது ஜெய்சால்மர் விமானத் தளத்தில் இருந்தவை ஹாக்கர் ஹண்டர் ரக விமானங்கள். இரவில் தாக்குவதற்கான கருவி அவற்றில் இல்லை. விடியும்வரை தரைப்படை தாக்குப்பிடிக்க வேண்டும், வேறு வழியில்லை. அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 5ஆம் தேதி காலை வெளிச்சம் வந்ததும் ஹண்டர்கள் கிளம்பின. மேஜர் ஆத்மா சிங் 'கிருஷக்' என்ற சின்ன விமானத்தில் பறந்துகொண்டு, இலக்கு எங்கே என்று அவர்களுக்கு வழிகாட்டினார். நண்பகலுக்குள் தாக்குதலின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. மேஜர் சாந்த்புரிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 1997ல் வந்த 'பார்டர்' இந்திப் படத்தின் கதை இதுதான்.

பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 30க்கும் மேல் என்று இந்தியத் தரப்புக் கணக்குகள் சொல்கின்றன. அதில் எத்தனை விமானத்தால், எத்தனை தரைப்படையால் என்பதில் பின்னாளில் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்குள்ளேயே சர்ச்சை வந்தது. இந்தச் சர்ச்சையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம விளையாட்டில் இப்படி ஒரு சர்ச்சை வரவே வராது. அங்கே கணிப்பொறியே எண்ணிச் சொல்லிவிடும். நிஜத்தில் அப்படி எண்ணிச் சொல்ல யாரும் இல்லை.

ஒரு குண்டின் பலம் என்ன?

ஹண்டர் விமானத்தின் மூக்குக்கு அடியில் நான்கு 'ஏடன்' பீரங்கிகள் உண்டு. ஒவ்வொன்றும் 30 மி.மீ. குண்டின் எடை கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 220 கிராம். குழாயை விட்டுக் கிளம்பும் வேகம் விநாடிக்குச் சுமார் 790 மீட்டர். முதல் வருஷம் படித்த சூத்திரத்தைப் போடுங்கள்: நிறை × வேகம் × வேகம் ÷ 2. விடை சுமார் 68,600 ஜூல்.

ஜூல் என்றால் மனதில் ஒன்றும் ஓடாது. நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். உயரம் 115 அடி, அதாவது 35 மீட்டர். கீழே பறளியாற்றின் கரையிலிருந்து 50 கிலோ அரிசி மூட்டை நான்கை அந்தப் பாலத்து உச்சிக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அவ்வளவு ஆற்றல் ஒரே ஒரு குண்டில் இருக்கிறது! விமானமும் முன்னோக்கிப் பறப்பதால் அதன் வேகமும் குண்டோடு சேரும். விநாடிக்கு 200 மீட்டர் சேர்ந்தால் ஆற்றல் ஒரு லட்சம் ஜூலைத் தாண்டிவிடும். போகிற வழியில் காற்று அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதும் உண்மை.

இவ்வளவு பலம் இருந்தும் ஏன் துளைக்காது? ஏடன் பீரங்கி, விமானத்தை விமானம் சுடுவதற்காகச் செய்தது. அதன் வெடிகுண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள் புகுந்து வெடிக்க ஏற்றது. கெட்டியான எஃகில் மோதினால் வெளியிலேயே வெடித்துச் சிதறும். கவசத்தைத் துளைக்கக் கனமான, கடினமான, ஒடுங்கிய உள்ளீடு வேண்டும். ஆற்றல் மட்டும் போதாது, அதை ஒரு சிறிய இடத்தில் குவிக்க வேண்டும். ஆணி ஏறும், சுத்தியல் ஏறாது. அவ்வளவுதான் விஷயம்.

சரிவுதான் கணக்கு

எனக்க அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். "கோணத்தில் என்னடே படிப்பு?" என்று கேட்ட அப்பாவிடம் இந்தக் கவச விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னது: "லே மக்கா, வெட்டு சரிவா போனாத்தான் பால் ஒழுங்கா சிரட்டைக்கு வரும். நேரா வெட்டினா ஒரு நீளம், சரிச்சு வெட்டினா ஒரு நீளம். இது எங்களுக்குத் தெரியாதா?" ஒட்டு மரத்தில் 30 டிகிரி சரிவில் பட்டை வெட்டுகிற கைக்கு, கொசைன் என்ற பெயர் மட்டும்தான் தெரியாது.

நேந்திரங்காயை நேராக நறுக்கினால் வட்ட வறுவல். சாய்த்து நறுக்கினால் நீள வறுவல். காய் ஒன்றுதான், கத்தி கடக்கிற தூரம் மட்டும் கூடுகிறது. கவசமும் அப்படித்தான். தகட்டின் கனத்தை, குண்டு சாயும் கோணத்தின் கொசைனால் வகுத்தால், குண்டு கடக்க வேண்டிய உண்மையான கனம் கிடைக்கும். டி-59 டாங்கியின் முன்பக்க மேல் தகடு சுமார் 100 மி.மீ. அது 60 டிகிரி சாய்ந்திருக்கிறது. கொசைன் 60 என்பது அரை. ஆகவே நேர் எதிரே வரும் குண்டுக்கு அது 200 மி.மீ. சுவர். பக்கவாட்டுத் தகடு சுமார் 80 மி.மீ. பின்புறம் சுமார் 45. மேல்கூரை, எஞ்சின் மூடி எல்லாம் 20 மி.மீ. அளவில்தான்.

"அப்போ மேலேயிருந்து சுட்டா முடிஞ்சுதே!" என்பீர்கள். விளையாட்டு செய்கிறவர்களில் பலரும் இப்படித்தான் நினைத்துவிடுகிறார்கள். விமானம் மேலே இருக்கிறது என்பதால் குண்டு செங்குத்தாக விழுந்துவிடாது. விமானம் எந்தக் கோணத்தில் இறங்கிச் சுடுகிறதோ, அந்தக் கோணத்தில்தான் குண்டு கூரையைத் தொடும். 20 மி.மீ. கூரைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:

10 டிகிரி சரிவில் இறங்கினால், கடக்க வேண்டிய கனம் சுமார் 115 மி.மீ.
30 டிகிரி சரிவில் இறங்கினால், 40 மி.மீ.
60 டிகிரி சரிவில் இறங்கினால், சுமார் 23 மி.மீ.

பாருங்கள், 10 டிகிரியில் வந்தால் மெல்லிய கூரை 80 மி.மீ. பக்கவாட்டைவிடக் கெட்டியாகிவிடுகிறது! அதுவும் இவ்வளவு சாய்வில் பெரும்பாலான குண்டு துளைக்கவே முயலாது. குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு போலத் தத்திப் போய்விடும். அப்படியானால் 60 டிகிரியில் செங்குத்தாக இறங்கலாமே? இறங்கலாம். தரையில் மோதாமல் மூக்கைத் தூக்க நிறைய உயரம் வேண்டும், ஆகவே தூரத்திலிருந்தே சுட்டுவிட்டு விலக வேண்டும். தூரம் கூடினால் குறி தவறும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது.

மூன்று விநாடி

விளையாட்டில் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்போம். நிஜத்தில் ஒரு தாக்குதல் எவ்வளவு நேரம்? ஹண்டர் மணிக்கு 740 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அது விநாடிக்குச் சுமார் 205 மீட்டர். 1000 மீட்டர் தூரத்தில் சுட ஆரம்பித்து 400 மீட்டரில் நிறுத்தி மேலே தூக்கினால், இடைப்பட்ட 600 மீட்டரைக் கடக்க மூன்றே விநாடி. ஒரு ஏடன் பீரங்கி நிமிடத்துக்குச் சுமார் 1200 குண்டு சுடும். நான்கும் சேர்ந்தால் விநாடிக்கு 80. ஒரு பீரங்கிக்கு ஏறத்தாழ 150 குண்டு வீதம் மொத்தம் 600. ஏழரை விநாடியில் காலி! இரண்டரைத் தடவை இறங்கிச் சுட்டால் தளத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த மூன்று விநாடியில் விட்ட குண்டெல்லாம் ஒரே புள்ளியில் விழுமா? விமானம் அதிரும், குழாய் அதிரும், காற்று தள்ளும். அமெரிக்காவின் ஏ-10 விமானம் டாங்கியை அடிப்பதற்கென்றே, ஏழு குழல் 30 மி.மீ. பீரங்கியைச் சுற்றிக் கட்டியது. அதிலேயே 4000 அடி தூரத்தில் சுட்டால் 80 விழுக்காடு குண்டுகள் 40 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் விழும் என்பதுதான் கணக்கு. அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 1256 சதுர அடி. பக்கவாட்டில் பார்த்தால் டாங்கி 20 அடி நீளம், 8 அடி உயரம், ஆக 160 சதுர அடி. தோராயமாகப் பத்தில் ஒரு குண்டு பட்டால் பெரிது. தூரத்தைப் பாதியாக்கினால் வட்டத்தின் பரப்பு கால்வாசி ஆகும், படும் வாய்ப்பு நாலு மடங்கு ஏறும். அதே நேரம் கீழே இருப்பவனின் துப்பாக்கிக்கும் நீங்கள் நாலு மடங்கு பெரிதாகத் தெரிவீர்கள்!

ஏ-10ன் குண்டு யுரேனிய உலோக உள்ளீடு கொண்டது. ஆற்றல் ஏடன் குண்டைப் போலச் சுமார் மூன்று மடங்கு. அதை வைத்து 1970களின் இறுதியில் எரிபொருளும் வெடிமருந்தும் நிரப்பிய பழைய எம்-47 டாங்கிகளைச் சுட்டுப் பரிசோதித்தார்கள். முன்பக்கம் சுட்டதில் பலன் குறைவு. பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் சுட்டபோதுதான் டாங்கிகள் அழிந்தன. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஜங்கர்ஸ் 87 விமானத்தில் இரண்டு 37 மி.மீ. பீரங்கிகளை மாட்டி ரஷ்ய டாங்கிகளை வேட்டையாடியபோதும் பின்பக்கமும் எஞ்சின் பக்கமும்தான் குறி. ஒரு பீரங்கிக்கு 12 குண்டு மட்டுமே இருந்தது. ஒவ்வொன்றும் எண்ணிச் சுட வேண்டியது.

கண்ணால் கண்டதும் பொய்

1944 ஆகஸ்டில் பிரான்சில் மோர்த்தான் என்ற இடத்தில் ஜெர்மன் டாங்கிப் படையை பிரிட்டிஷ் டைஃபூன் விமானங்கள் ராக்கெட்டால் தாக்கின. அமெரிக்க விமானங்களும் சேர்ந்துகொண்டன. நூற்றுக்கும் மேற்பட்ட டாங்கிகளை அழித்ததாக விமானிகள் அறிக்கை கொடுத்தார்கள். சண்டை முடிந்ததும் பிரிட்டிஷ் ஆய்வுக்குழு ஒன்று களத்தில் இறங்கி ஒவ்வொரு டாங்கியாகத் தொட்டுப் பார்த்தது. கிடைத்த 40க்கும் மேற்பட்டவற்றில் வானத்து ஆயுதத்தால் அழிந்தவை பத்துக்கும் குறைவு!

விமானிகள் பொய் சொன்னார்களா? இல்லை. புகையும் புழுதியும் கிளம்பியதை மேலேயிருந்து பார்த்தவனுக்கு டாங்கி போய்விட்டது என்றுதான் தோன்றும். அசையாமல் நிறுத்திவைத்த ஒரு பாந்தர் டாங்கி மேல் டைஃபூன்கள் 64 ராக்கெட் விட்ட சோதனையில் பட்டது மூன்றுதான்.

ஆனால் அந்தக் குழு இன்னொன்றையும் கண்டது. ஒரு கீறல்கூட இல்லாமல் கைவிடப்பட்ட டாங்கிகள் பல கிடந்தன. ஏன் விட்டுவிட்டு ஓடினார்கள்? இதற்குப் புத்தகத்தைவிட நல்ல பதிலை எங்கள் ஊரில் டாங்கிப் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பட்டாளத்து மாமா சொன்னார். "உள்ள இருக்கவனுக்கு ஓட்டை விழணும்னு இல்ல மக்களே. தகரக் கொட்டகைக்குள்ள உன்னை அடைச்சு வெளியில நாலு பேரு சம்மட்டியால அடிச்சா எப்படி இருக்கும்? அடுத்த அடி உள்ள வருமா வராதான்னு தெரியாது. அதுதான் பயம்." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

டி-59 டாங்கிக்குள் நான்கு பேர். நம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களாக இருப்பார்கள். திரையில் அந்த நான்கு பேரும் இல்லை. வெடித்ததும் 100 புள்ளி மட்டும் இருக்கிறது.

லோங்கேவாலாவில் ஏன் பலித்தது?

பீரங்கிக் குண்டு டாங்கியை இலேசில் துளைக்காது என்றால் லோங்கேவாலாவில் எப்படி ஜெயித்தோம்? காரணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் புரியும். ஹண்டர்களிடம் பீரங்கியோடு டி-10 ராக்கெட்டுகளும் இருந்தன. கவசத்துக்கு அவைதான் பொருத்தமான ஆயுதம். பாலைவனத்தில் நெடுந்தூரம் வர வேண்டி, டாங்கிகள் வெளியில் எரிபொருள் பீப்பாய்களைச் சுமந்து வந்தன. அதைக் கொளுத்தக் கவசத்தைத் துளைக்க வேண்டியதில்லை. ஒளிய மரம், மேடு ஒன்றும் இல்லை. மணலில் பதிந்த தடமே டாங்கி எங்கே என்று காட்டிக் கொடுத்தது. சில டாங்கிகள் மணலில் புதைந்து நின்றன. பாகிஸ்தானின் விமானங்கள் காவலுக்கு வரவில்லை. ஆகவே ஒரு சில ஹண்டர்களே போய்ப் போய்த் திரும்ப வந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு முழுக்க 120 பேர் அந்த நிலையை விட்டு நகராமல் நின்றார்கள். அவர்கள் நிற்காவிட்டால் விடிந்தபின் விமானம் வந்து என்ன பயன்? இந்தக் காரணங்களில் ஒன்றுகூட நம்ம விளையாட்டில் பட்டனுக்குப் பின்னால் இல்லை.

விளையாட்டு எங்கே தவறுகிறது?

பழைய விளையாட்டுகளிலும் இன்று வரும் எளிய விளையாட்டுகளிலும் டாங்கிக்கு 'உயிர்ப் புள்ளி' என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள். டாங்கிக்கு 100 புள்ளி, குண்டு ஒன்று பட்டால் 2 குறையும் என்று வையுங்கள். எங்கே பட்டாலும் 50 குண்டில் டாங்கி காலி. நிஜத்தில் 200 மி.மீ. முகத்தில் 50 குண்டு பட்டால் உள்ளே போவது பூஜ்யம். பூஜ்யத்தை ஐம்பது தடவை கூட்டினாலும் பூஜ்யம்தான்!

நல்ல சிமுலேட்டர் வேறு மாதிரி செய்யும். குண்டு போகும் கோட்டைப் பின்தொடர்ந்து, எந்தத் தகட்டில், எந்தக் கோணத்தில், மிச்சமுள்ள எந்த வேகத்தில் பட்டது என்று பார்க்கும். துளைத்தால் உள்ளே யார்மேல், எதன்மேல் என்று பார்க்கும். துளைக்காவிட்டாலும் சங்கிலித்தடம் அறுந்ததா, பார்வைக் கண்ணாடி உடைந்ததா, வெளி பீப்பாய் பற்றியதா என்று பார்க்கும். 2001ல் ரஷ்யாவிலிருந்து வந்த 'ஐ.எல்-2 ஸ்டர்மோவிக்' விளையாட்டை அன்று பலரும் வியந்ததற்கு விமானத்தின் பாகம் பாகமாகச் சேதம் காட்டியது ஒரு காரணம். 'வார் தண்டர்' போன்றவை டாங்கியின் தகட்டுக் கனம், சாய்வு, உள் உறுப்புகள் வரை கணக்கில் எடுக்கின்றன.

சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். எந்த விளையாட்டானாலும், நிற்கிற ஒரு டாங்கியை நேர் முன்னாலிருந்து பீரங்கியால் மட்டும் சுடுங்கள். பிறகு அதே தூரத்தில் பின்னாலிருந்து சுடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றால் அது வெறும் புள்ளிக் கணக்கு. நண்பன் ஒருவனின் லேப்டாப்பில் இரண்டு விளையாட்டை இப்படிப் பார்த்தேன். ஒன்றில் முன்னும் பின்னும் ஒன்றுபோலவே வெடித்தது. மற்றதில் முன்னால் பொறி பறந்ததோடு சரி, பின்னால் சுட்டதும் புகை வந்தது. எது நல்ல விளையாட்டு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

"விளையாட்டுதானே, இதில் என்ன போச்சு?" என்று கேட்கலாம். நமக்கு ஒன்றும் போகவில்லை. ஆனால் ராணுவ விமானிகளும் டாங்கி ஓட்டுநர்களும் இன்று சிமுலேட்டரில்தான் பெருமளவு பழகுகிறார்கள். எரிபொருள் மிச்சம், உயிருக்கும் பயமில்லை. அந்த சிமுலேட்டர் பொய் சொன்னால் பழகுகிற கையும் பொய்யைப் பழகும். முன்னால் சுட்டால் வெடிக்கும் என்று திரையில் நம்பியவன், நிஜத்தில் முன்னால் போய் நிற்பான். ஒரு தவறான எண் ஒரு உயிரைக் கேட்கும்.

நமக்கு என்ன?

நண்பர்களே, 1965 முதல் விஜயந்தா டாங்கி உருவானது நம் தமிழ்நாட்டில், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில். அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆராய்ச்சி நிறுவனமும் ஆவடியில்தான். அங்கே டிப்ளமோ படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. வரைபடத்தில் ஒரு தகட்டுக்கு 60 டிகிரி என்று போட்டிருந்தால், அது ஏன் 55 ஆகக் கூடாது என்று புரிந்து பற்றவைக்கிறவனும், வெறுமனே பற்றவைக்கிறவனும் ஒன்றல்ல. கொசைன் 55க்கு 100 மி.மீ. தகடு 174 ஆகிவிடும். 26 மி.மீ. எஃகு காணாமல் போகும். உள்ளே இருக்கிற நான்கு பேருக்கு அந்த 26 மி.மீ.தான் ஊர் திரும்பும் வழி.

நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள். "மெஷின் டிராயிங்ல ஒரு கோணம் தப்பினா அரை மார்க்தானே போகும்" என்று விட்டுவிடுவது சுலபம். தேர்வில் போவது அரை மார்க். ஒர்க்‌ஷாப்பைத் தாண்டி வெளியே போனால் போவது வேறு.

ஆகவே விளையாடுங்கள், தாராளமாக விளையாடுங்கள். ஆனால் டாங்கி வெடித்ததும் கை தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்தி, எந்தக் கோணம், எத்தனை மில்லிமீட்டர், எத்தனை விநாடி என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்து வராவிட்டால் அடுத்த தடவை ஒத்து வருகிற மாதிரி ஒரு சிமுலேட்டரை நம்மில் ஒருவன் எழுதட்டும். அது நம்ம கல்லூரியிலிருந்து வரட்டும்!